இரண்டாம் படைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

கணினி விளையாட்டுப் போட்டிகளில் பேர்போன கொரியாவின் டி1 அணிக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் அணியின் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று தொடங்கிய ஒலித்தொடர், ஒன்பதாம் பகுதியோடு போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அந்தக் கடைசிப் பகுதியிலேயே நன்றி சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மைக் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராக நினைத்துப் பேச ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொன்னதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அக்காவுக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு திரும்புவார். அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் எனக்காகக் கொரியப் பேட்டிகளைக் கேட்டுத் தமிழில் சொல்லி அனுப்புவார். இருநூறுக்கும் மேல் குரல் பதிவுகள் என் போனில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பின்னால் பஸ் ஹாரன், நடுநடுவே "இரு தம்பி, இந்த வார்த்தையை யோசிச்சுச் சொல்றேன்" என்ற இடைவெளி.

"அகாடமி" என்றே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பகுதியின் வரைவைக் கேட்டுவிட்டு அவர்தான் தடுத்தார். கொரியர்கள் பேச்சில் இதை "இ-குன்" என்பார்களாம். இ என்றால் இரண்டு, குன் என்றால் படை. அங்கே பேஸ்பாலிலும் கீழணிக்கு இதே சொல்தான். "நீ அகாடமின்னு சொன்னா டியூஷன் சென்டர் மாதிரி இருக்கு தம்பி. அவங்க சொல்றப்ப, முன்னாடி இருக்கறவன் விழுந்தா அடுத்து போய் நிக்க வேண்டிய ஆளுங்க மாதிரி இருக்கு" என்றார். தொடரின் பெயரை அன்று ராத்திரியே மாற்றினேன். இரண்டாம் படை என்று வைத்த பிறகுதான் எதைச் சொல்லப் போகிறோம் என்பதே எனக்குப் பிடிபட்டது. அக்கா, அந்த ஒரு சொல்லுக்கே நான் கடன்பட்டவன்.

அடுத்து, திருச்சியில் நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணனுக்கு. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்று ஒரு விளையாட்டு இருப்பதே அவர் காட்டித்தான் தெரியும். ஐந்து பேருக்கு ஐந்து பேர், டாப், ஜங்கிள், மிட், பாட், சப்போர்ட் என்று ஆளுக்கொரு இடம், எதிரியின் முகாமில் இருக்கும் நெக்ஸஸ் என்ற மையத்தை உடைத்தால் ஜெயம் என்று ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த நாட்கள் எத்தனையோ. ஒரு நாளும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

தொடரின் இரண்டாம் பகுதி முழுக்க அவர் நினைவிலிருந்து கொடுத்ததுதான். இரண்டாம் அணி 2021-இல் பிறந்தது என்று நான் தொடங்கியிருந்தேன். அண்ணன் போனில், "அதுக்கு முன்னாடி போ. ஃபேக்கரே இரண்டாவது டீம் ஆளுதான்டா" என்றார். ஃபேக்கர்தான் டி1-இன் முகமே, உலகம் அறிந்த மிட் வீரர். தேடிப் பார்த்தால் உண்மை. டி1-ஐத் தொடங்கிய தொலைபேசி நிறுவனமான எஸ்.கே. டெலிகாம் 2012 கடைசியில் இந்த விளையாட்டுக்குள் வந்தபோது கையில் ஏற்கெனவே ஒரு அணி இருந்தது. 2013 தொடக்கத்தில், கொம்மா என்ற பயிற்சியாளரின் கீழ், ரேங்க் ஆட்டங்களில் பேர் வாங்கியிருந்த பையன்களைச் சேர்த்து இன்னொன்றைக் கட்டினார்கள். அது இரண்டாவது அணி. அதன் மிட்டில் உட்கார்ந்த உயர்நிலைப் பள்ளி மாணவன்தான் ஃபேக்கர். ஏப்ரலில் முதல் ஆட்டம். எதிரே அன்று எல்லாரும் மதித்த மிட் வீரர் ஆம்பிஷன். முதல் ஆட்டத்திலேயே அவரைத் தனியாக வீழ்த்தினார். அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் உலகக் கோப்பை. எஸ்.கே. டெலிகாம் டி1 கே என்று உலகம் அறிந்த அணி, பிறக்கும்போது இரண்டாம் அணி.

அப்புறம் அந்த வழியே மூடியது. 2015 பருவத்திலிருந்து ஒரு நிறுவனத்துக்கு ஒரே அணி என்று விதி வந்தது. அக்கா-தங்கை அணிகள் ஒன்றாக்கப்பட்டன. நல்ல நல்ல வீரர்கள் பலர் அந்த ஒரே பருவத்தில் சீனாவுக்குப் போனார்கள். சின்னப் பையன்கள் உட்கார்ந்து கற்றுக்கொள்ள, தோற்றுப் பழக, ஓர் இடம் குறைந்துபோனது. இதையெல்லாம் அண்ணன் தேதி சொல்லாமல், "அந்த மழை பெஞ்ச வருஷம்", "கடையை மாத்துன வருஷம்" என்று தன் கணக்கில்தான் சொன்னார். தேதிகளை நான் தேடிப் பொருத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் மெடிக்கல் ஷாப் இருக்கிறது. ஆனாலும் இரண்டாம் பகுதியைக் கேட்கும் ஒவ்வொருவரும் அந்தக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணே.

மூன்றாம், நான்காம் பகுதிகளைப் பற்றிச் சொல்லும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய தங்கைக்கு நன்றி சொல்லாமல் முடியாது. 2021-இல் கொரிய லீக்கான எல்.சி.கே. பத்து நிரந்தர அணிகளாக மாறியது. கீழிறங்கும் பயம் போனதால் நாலைந்து வருடம் முன்னே பார்த்து ஆள் வளர்க்க அணிகளுக்குத் துணிச்சல் வந்தது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு இரண்டாம் அணி, அவற்றுக்கென்று சேலஞ்சர்ஸ் லீக். டி1-இல் அந்த வருடம் பத்துப் பேர் வரை வைத்து மாற்றி மாற்றி ஆடவிட்டார்கள். இன்று யார் ஆடுவார்கள் என்று ரசிகர்களுக்கே தெரியாது. அந்தக் கூட்டத்துக்குள்தான் பாட் லேனில் குமாயுசி, ஜங்கிளில் ஓனர், டாப்பில் ஜீயஸ் என்று மூன்று பையன்கள் இருந்தார்கள். ஜீயஸ் பிறந்தது 2004 ஜனவரி. ஃபேக்கர் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது ஒன்பது. குமாயுசியின் அண்ணன் ஸ்டார்கிராஃப்ட் 2-இல் பெரிய வீரர், இன்னொவேஷன் என்று பெயர். அண்ணன் பேரைச் சொல்லியே தம்பியை அறிமுகப்படுத்திய காலம் ஒன்று இருந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். உற்சாகத்தில், "ஃபேக்கரைத் தவிர நான்கு பேரும் டி1 வளர்த்த பிள்ளைகள்" என்று பேசிவிட்டேன். அந்தத் தங்கை இரண்டே வரிதான் எழுதியிருந்தார்: "அண்ணா, கெரியா டி.ஆர்.எக்ஸ்-இல் இருந்து 2020 முடிவில் வந்தவர். அவரையும் சேர்த்துவிட்டால் டி.ஆர்.எக்ஸ்-காரர்கள் பட்ட பாடு காணாமல் போய்விடும்." கெரியா டி1-இன் சப்போர்ட் வீரர், டி.ஆர்.எக்ஸ் இன்னொரு கொரிய அணி. நியாயமான பேச்சு. ஒருவரை வளர்த்தவர்களின் கதையைச் சொல்ல வந்த இடத்தில், வளர்த்த இன்னொருவரின் பங்கை நான் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பகுதியைத் திரும்பப் பதிவுசெய்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதியையும் வெளியிடும் முன் அவருக்கு அனுப்பினேன். தன் பரீட்சைக் காலத்திலும் கேட்டுத் திருத்திக் கொடுத்தார். சேலஞ்சர்ஸ் லீக்கின் ஆட்ட அட்டவணைகளைத் தாளில் கோடு போட்டு எழுதிப் படமெடுத்து அனுப்பிய அந்த நீலமை எழுத்து இன்னும் என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறது.

அந்த வருடத்தின் நடுவில் பயிற்சியாளர்கள் மாறினார்கள். அதன் பிறகு ஓனரும் குமாயுசியும் நிலைத்தார்கள். ரெய்க்யாவிக்கில் நடந்த உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போய் 2-3 என்று தோற்றார்கள். 2022-இல் ஜீயஸும் மேலே வந்தார். வசந்தப் பருவத்தில் பதினெட்டு ஆட்டம், பதினெட்டு வெற்றி. எல்.சி.கே.-யில் அதுவரை யாரும் செய்யாதது. ஐந்து பேரில் மூன்று பேர் அதே கட்டடத்தின் கீழ் வரிசையில் இருந்தவர்கள்.

அந்த வருட இறுதிப் போட்டி சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. நமக்கு அது ஞாயிறு விடியற்காலை. தகுதிச் சுற்றின் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்த டி.ஆர்.எக்ஸ்-இடம் டி1 2-3 என்று தோற்றது. கெரியா அழுத அழுகையைப் பார்த்துவிட்டு நான் மொட்டை மாடியில் போய் நின்றேன். பால்காரர் வந்து கொண்டிருந்தார். "ஏன்ப்பா முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். என்ன புரிந்ததோ, பால் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் ஜெயிப்பாங்க விடு" என்றார். அவருக்கும் என் நன்றி. சொன்னது பலித்தது.

2023 நவம்பர் 19. அந்த நாளை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். அகமதாபாத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி. அதே நாள், ஏறக்குறைய அதே நேரம், கொரியத் தலைநகர் சியோலின் கோச்சோக் அரங்கில் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் இறுதி. பெரியப்பா வீட்டில் இருபது பேர் கூடியிருந்தார்கள். கூடத்தில் டிவி, நீல ஜெர்ஸி, பெரிய பாத்திரத்தில் கேசரி. நான் பின்கட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டோடு சேராமல் தனியே இருக்கிறோமே என்று உறுத்தல் வேறு. முதல் ஆட்டம் முடிந்ததும் பெரியப்பா தேடிக்கொண்டு வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று எழுந்தேன். "இதுல யாரு நம்ம ஆளு?" என்று கேட்டார். ஜீயஸைக் காட்டினேன். "சின்னப் பையனா இருக்கானே" என்று சொல்லிவிட்டு, ஓவர் இடைவெளிகளில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். டி1 3-0 என்று ஜெயித்தது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் ஜீயஸ். கத்தவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை. பெரியப்பா ஒரு கரண்டி கேசரியை இலைத்துண்டில் வைத்து என் கையில் கொடுத்து, "உன் ஆளுங்களுக்கு" என்றார். ராத்திரி கூடமே சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அதே கேசரி அப்படியே மிஞ்சியது. பெரியப்பா, அந்த ஒரு கரண்டிக்கு நன்றி. அந்த நாளில் என் சந்தோஷத்துக்கும் ஓர் இடம் கொடுத்தது நீங்கள்தான்.

இனி அம்மாவுக்கு.

பதிவுசெய்யும்போது மின்விசிறிச் சத்தம் விழும் என்று நிறுத்திவிடுவேன். மே மாதத் திருச்சியில், கதவையும் சாத்தி, போர்வையைச் சுவரில் கட்டி. அம்மா வெளியே வாசற்படியில் உட்கார்ந்து, தெருவில் காய்கறி வண்டி வந்தால் கையைக் காட்டிச் சத்தம் போடாமல் நிறுத்தி வைப்பார். மோட்டார் போடும் நேரத்தைக்கூட மாடி வீட்டு அக்காவிடம் பேசி மாற்றினார். இதெல்லாம் பெரிதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

ஐந்தாம் பகுதியைக் கேட்டுவிட்டு அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஜெயிச்சவங்க பேரெல்லாம் சொல்றே. நடுவுல ஒரு பையன் வந்து தோத்தான்னு சொன்னியே, அவனைப் பத்தி ஒரு வரிதானே சொன்னே?"

போபியைத்தான் கேட்டார். 2023 ஜூலையில் ஃபேக்கருக்குக் கைவலி வந்து ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் அணியின் மிட் போபி, பதினேழு வயது, மேலே அழைக்கப்பட்டார். உலகமே யாருடைய நாற்காலி என்று அறிந்த நாற்காலி அது. அதில் உட்கார வைத்தார்கள். அதுவரை ஆறு வெற்றி, இரண்டு தோல்வி என்று இருந்த அணி, ஃபேக்கர் இல்லாத எட்டு ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபேக்கர் திரும்பினார். போபி கீழே போனார். நான்கு மாதத்தில் கோப்பை வந்தது. எல்லாரும் மறந்தார்கள். நானும்தான், ஒரு வரியில் கடந்து போயிருந்தேன்.

அம்மா கேட்ட பிறகு ஆறாம் பகுதியை முழுக்கப் போபிக்காக எழுதினேன். அந்த எட்டு ஆட்டங்களையும் ஒரே வாரத்தில் திரும்பப் பார்த்தேன். ஓனர், ஜீயஸ், குமாயுசி, கெரியா என்ற நான்கு பேருமே அப்போது தடுமாறினார்கள் என்பது அப்படி வரிசையாகப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. யார் எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் குரல் காணாமல் போயிருந்தது. அது ஒரு பதினேழு வயதுப் பையனின் குறை இல்லை. அக்காவின் குரல் பதிவுகளில் ஓர் இடத்தில், "யோன்சுப்செங்" என்ற சொல்லை விளக்குவார். பயிற்சி மாணவர் என்று பொருள். மேடைக்கு வரும் நாள் எப்போது என்று தெரியாமலே தினமும் தயாராக இருப்பவர். போபியின் நாள் மிக மோசமான நேரத்தில் வந்தது. அவ்வளவுதான். தொடரில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். அதிகம் பேர் கடிதம் எழுதியதும் அதற்குத்தான். அதை எழுதவைத்தது அம்மா.

ஒலியைத் தொகுத்துக் கொடுத்த நண்பனுக்கும், முகப்புப் படம் வரைந்த சித்தி மகளுக்கும், மைக்கை இரவல் கொடுத்து இன்றுவரை திரும்பக் கேட்காத கல்லூரித் தோழனுக்கும் நன்றி. மைக் அடுத்த வாரம் வரும்டா.

கோலாலம்பூரிலிருந்து எழுதும் பெரியவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தன் வயது அறுபத்து மூன்று என்றும், பேரனோடு பேச ஒரு விஷயம் கிடைத்தது என்றும் எழுதியிருந்தீர்கள். எட்டாம் பகுதியில் ரெக்கிள்ஸ் பற்றிச் சொன்னது உங்களுக்குப் பிடித்ததாகச் சொன்னீர்கள் ஐயா. எனக்கும் அது நெஞ்சுக்கு நெருக்கமானது. ஸ்வீடன்காரர். ஃபேக்கர் பிறந்த அதே 1996-இல் பிறந்தவர். ஃப்னாட்டிக் அணியோடு ஐரோப்பிய லீக்கைப் பலமுறை வென்று, 2018-இல் கொரியாவின் இன்ச்சானில் உலக இறுதிப் போட்டியே ஆடியவர். அவர் 2024-க்கு டி1-இன் இரண்டாம் அணியில் சேர்ந்தார். இத்தனை வருடம் ஆடிய இடத்தையும் விட்டு, சப்போர்ட்டாக. தன்னைவிடப் பத்து வயது வரை சின்னவர்களோடு, மொழி தெரியாத ஊரில் பயிற்சி. அவருக்குப் பக்கத்தில் பாட் லேனில் ஆடிய பையன் ஸ்மாஷ்.

அதே ஸ்மாஷ்தான் 2025 தொடக்கத்தில் மேலே வந்து, குமாயுசி உட்கார்ந்திருந்த இடத்தில் ஆடினார். கீழிருந்து ஏறி வந்த குமாயுசி, இன்னொருவர் கீழிருந்து ஏறி வர, வெளியே உட்கார்ந்தார். பிறகு திரும்பி வந்தார். நவம்பர் 9 அன்று சீனாவின் செங்டுவில் இன்னொரு கொரிய அணியான கே.டி.-யை 3-2 என்று வென்று டி1 தொடர்ந்து மூன்றாவது முறை உலகக் கோப்பையை எடுத்தது. சிறந்த வீரர் குமாயுசி. அதற்கு முந்தின ஆண்டே ஜீயஸ் ஹன்வா லைஃப் என்ற வேறு கொரிய அணிக்குப் போயிருந்தார். கோப்பைக்குப் பிறகு குமாயுசியும் அங்கேயே போனார். மூவரில் ஓனர் மட்டும் இருக்கிறார். குமாயுசியின் பேட்டியை மொழிபெயர்க்கும்போது அக்காவின் குரல் இரண்டு முறை நின்றது. அந்த இடைவெளிகளை நான் வெட்டவில்லை. அப்படியே ஒன்பதாம் பகுதியில் விட்டிருக்கிறேன்.

அந்தப் பகுதி வெளியான ராத்திரி, சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே அம்மா, "போபி இப்ப எங்கே?" என்று கேட்டார். ஐரோப்பாவில் என்றேன். 2025-இல் அவரை ஒரு பெரிய அணி மிட்டுக்கு எடுத்தது, அந்த வருட உலகக் கோப்பைக்கும் அவர்களோடு போனார் என்றேன். எந்த அணி என்று கேட்டார். ஃப்னாட்டிக்.

"அந்த ஸ்வீடன் பையன் இருந்த வீடா?"

ஆமாம் அம்மா, அதே வீடுதான்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தம்பி,
திருச்சியிலிருந்து